கோப்பையும் விலங்கும்

வென்றவர் யார் என்று கேட்டால் விளையாட்டுப் புத்தகங்கள் உடனே விடை கூறும். வராதவர் யார் என்று கேட்டால் அவை வாய் திறப்பதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கவோ நம்மில் எவருக்கும் தோன்றுவதே இல்லை. பொது அறிவுப் போட்டிக்காக உலக விளையாட்டுப் பட்டியல்களை மனப்பாடம் செய்யும் வேலை என் தலையில் விழுந்திராவிட்டால் எனக்கும் தோன்றியிருக்காது.

அந்தப் பட்டியல்களுள் ஒன்று ஐஸ் ஹாக்கி உலகச் சாம்பியன்களுடையது. 1947 செக்கோஸ்லோவாக்கியா, 1948 கனடா, 1949 செக்கோஸ்லோவாக்கியா, 1950 கனடா என்று ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். 1950-ஆம் ஆண்டுக்கு வந்ததும் நாக்கு நின்றது. முதலிடம் கனடா, இரண்டாமிடம் அமெரிக்கா, மூன்றாமிடம் சுவிட்சர்லாந்து. முந்தைய ஆண்டு உலகத்தையே வென்ற செக்கோஸ்லோவாக்கியா எங்கே? நான்காமிடத்திலும் இல்லை. லண்டனில் ஆடிய ஒன்பது நாடுகளில் கடைசி இடத்தில்கூட அதன் பெயர் இல்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய மாணவி மறு ஆண்டுப் பதிவேட்டிலேயே காணாமற் போனால் நாம் வியப்படைய மாட்டோமா? அந்த வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் விளையாட்டைப் பற்றி ஓரிரு சொற்கள். நாம் அறிந்த ஹாக்கியில் பக்கத்துக்குப் பதினொருவர், புல்தரை, உருண்டைப் பந்து. ஐஸ் ஹாக்கியிலோ களத்தில் பக்கத்துக்கு ஆறு பேர். தரை முழுதும் உறைந்த பனிக்கட்டி. காலில் கத்தி போன்ற இரும்பு பொருத்திய சறுக்குக் காலணி. பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனப்படும் கெட்டியான ரப்பர் வில்லை. இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். கண்ணிமைக்கும் நேரத்தில் வில்லை கோலுக்குள் பாய்ந்துவிடும் என்பதால், கோல் காப்பவரை நம்பியே அணி வாழும்.

இந்த விளையாட்டில் அக்காலத்தில் கனடாவே முடிசூடா மன்னன். அந்நாட்டுக் கழக அணி ஒன்று கப்பலேறி வந்து ஐரோப்பிய நாடுகளைத் தோற்கடித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். 1949-இல் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் நடந்த போட்டியில் கனடா டென்மார்க்கை 47–0 என்ற கணக்கில் வென்றது என்றால் அதன் வலிமையை எண்ணிப் பாருங்கள். அதே கனடாவை அதே போட்டியில் 3–2 என்று வீழ்த்திய அணிதான் செக்கோஸ்லோவாக்கியா.

அவ்வெற்றி தற்செயலாக வந்ததன்று. 1947-இல் பிராக் நகரில் சொந்த மக்கள் முன்னிலையில் அவர்கள் முதன்முதலாக உலகச் சாம்பியன் ஆயினர். 1948 பிப்ரவரியில் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் கனடாவுடன் 0–0 எனச் சமன் செய்தனர். இரு அணிகளும் ஏழு ஆட்டங்களில் வென்று ஒன்றில் சமன் செய்திருந்தன. கோல் விகிதத்தில் மட்டுமே பின்தங்கியதால் அவர்களுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அந்த ஒலிம்பிக் முடிவே அவ்வாண்டின் உலகச் சாம்பியனையும் தீர்மானித்தது.

அவர்கள் வெள்ளியுடன் ஊர் திரும்பிய சில வாரங்களிலேயே நாடு மாறியது. 1948 பிப்ரவரி இறுதியில் கம்யூனிஸ்டுக் கட்சி ஆட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. எல்லைகள் மூடப்பட்டன. வெளிநாடு செல்ல விரும்புவதே ஐயத்துக்கு உரியதாயிற்று. ஆனால் விளையாட்டு வீரர்களோ போட்டிக்காக வெளிநாடு சென்றே ஆகவேண்டும். அவர்கள் வெல்ல வேண்டும் என்று அரசு விரும்பியது. சென்றவர்கள் திரும்புவார்களோ மாட்டார்களோ என்றும் அஞ்சியது. பெருமையும் அச்சமும் ஒரே நெஞ்சில் குடியேறினால் என்ன நடக்கும் என்பதை அடுத்த இரண்டு ஆண்டுகள் காட்டின.

1948 நவம்பர் 8-ஆம் நாள் அந்த அணிக்குப் பேரிடி விழுந்தது. பாரிஸிலிருந்து லண்டனுக்குச் சென்ற சிறு விமானம் ஆங்கிலக் கால்வாயின் மேல் மறைந்தது. அதில் தேசிய அணி வீரர் ஆறு பேர் இருந்தனர். ஒருவரும் பிழைக்கவில்லை. ஆறு பேர் என்றால் களத்தில் நிற்கும் ஓர் அணி முழுவதும் அல்லவா? எந்த நாடாயினும் அந்த ஆண்டு போட்டியே வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கும். இவர்களோ மூன்றே மாதங்களில், தோழர்களின் வெற்றிடத்தை இளைஞர்களைக் கொண்டு நிரப்பி, ஸ்டாக்ஹோமில் தங்கம் வென்றனர். அந்தத் தங்கத்தை எண்ணும்போதெல்லாம், பதக்கம் பெற்றுக்கொண்ட கைகளைவிடப் பெற்றுக்கொள்ள வராத கைகளே என் கண்முன் நிற்கின்றன.

இரண்டுக்கும் இடையில் இன்னொரு நிகழ்ச்சி நடந்தது. என் கருத்துக்கு அதுவே அடித்தளம் என்பதால் தோழியர் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். 1948 டிசம்பரில், தேசிய அணியினர் பலர் ஆடிவந்த எல்.டி.சி. பிராக் என்ற கழகம் ஸ்பெங்லர் கோப்பைக்காக சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகருக்குச் சென்றது. கோப்பையையும் வென்றது. அங்கே வீரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். நாடு திரும்புவதா, அல்லது வெளியிலேயே தங்கி வேறொரு நாட்டில் ஆடிப் பிழைப்பதா? வெளியில் அவர்களுக்கு வரவேற்பு இருந்தது. காவல் சுவர் எதுவும் குறுக்கே இல்லை. ஓரிருவர் தங்கிவிட்டனர். மற்றவர்கள் ரயிலேறி வீடு திரும்பினர். வீட்டில் பெற்றோர் இருந்தனர், மனைவி மக்கள் இருந்தனர். ஸ்டாக்ஹோமில் ஆட வேண்டிய கடமையும் இருந்தது.

கதவு திறந்திருந்த நாளில் அவர்கள் திரும்பி வந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1950 மார்ச் 11-ஆம் நாள் உலகச் சாம்பியன்கள் லண்டன் செல்லப் பெட்டிகளுடன் பிராக் விமான நிலையத்தில் கூடினர். பயணம் நிறுத்தப்பட்டது. தங்கள் வானொலிச் செய்தியாளர் இருவருக்கு பிரிட்டன் விசா தரவில்லை, ஆகவே அணி செல்லாது என்பது அரசு சொன்ன காரணம். வீரர்கள் அதை நம்பவில்லை. இரண்டு நாள் கழித்து, மார்ச் 13-ஆம் நாள், லண்டனில் போட்டி தொடங்கிய அதே தினத்தில், தேசிய நாடக அரங்குக்கு அருகிலிருந்த மதுக்கடை ஒன்றில் அவர்கள் கூடினர். ஏமாற்றமும் மதுவும் சேர்ந்தன. அரசைப் பழித்துக் கூச்சலிட்டனர், பாடினர். ரகசியப் போலீசார் அங்கேயே அவர்களைக் கைது செய்தனர்.

லண்டனில் என்ன நடந்தது? கனடா வென்றது. எட்மண்டன் மெர்க்குரீஸ் என்ற அந்த அணியை ஆதரித்தவர் ஒரு கார் வியாபாரி. அவர்கள் நேர்மையாக ஆடினர். எல்லா ஆட்டங்களிலும் வென்றனர். 1952-இல் ஆஸ்லோவில் ஒலிம்பிக் தங்கத்தையும் அதே கழகம் கனடாவுக்கு வென்று தந்தது. அவர்கள் வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எதிரில் வந்து நிற்க வேண்டியவன் அந்நேரம் சிறையில் இருந்தான் என்பதை அறிந்தால், அந்தக் கோப்பையைத் தூக்கிய கைகளும் சற்றுக் கனத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவ்வாண்டு அக்டோபரில் பிராக்கில் மூடிய கதவுக்குள் வழக்கு விசாரணை நடந்தது. தேசத் துரோகம், வேவு பார்த்தல் என்பவை குற்றச்சாட்டுகள். வெளிநாடு சென்றால் திரும்பாமல் இருந்துவிடத் திட்டமிட்டார்களாம். தண்டனைகளைப் பாருங்கள். கோல் காப்பாளர் போஹுமில் மோட்ரிக்கு 15 ஆண்டு. குஸ்டாவ் புப்னிக்குக்கு 14 ஆண்டு. ஸ்டானிஸ்லாவ் கொனோபாசெக்குக்கு 12 ஆண்டு. வாட்ஸ்லாவ் ரோஸினாக்குக்கும் விளாடிமிர் கோப்ரனோவுக்கும் பத்துப் பத்து ஆண்டுகள். தண்டனை பெற்ற பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துக் கூட்டினால் 77 ஆண்டும் எட்டு மாதமும் வருகிறது. கைதானபோது புப்னிக்குக்கு வயது 21. எல்லாரிலும் பெருந்தண்டனை பெற்ற மோட்ரியோ அன்று மதுக்கடையில் இல்லவே இல்லை. லண்டன் செல்லவிருந்த அணியிலும் இல்லை. தேசிய அணியிலிருந்து ஏற்கெனவே விலகிவிட்ட கட்டடப் பொறியாளர் அவர்.

வீரர்கள் பலர் யாஹிமோவ் என்ற ஊரின் யுரேனியச் சுரங்கங்களுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டனர். நம் அறிவியல் பாடத்தோடு தொடர்புள்ள ஊர் இது. மேரி கியூரி அம்மையார் ரேடியத்தைப் பிரித்தெடுத்த தாது இங்கிருந்துதான் சென்றது. இதன் பழைய ஜெர்மானியப் பெயருக்கு ‘புனித சுவக்கீன் பள்ளத்தாக்கு’ என்று பொருள். தேவதாயின் தந்தையின் பெயர் தாங்கிய ஊரில், கதிர்வீச்சுள்ள மண்ணை, உலகச் சாம்பியன்கள் கைதிகளாக நின்று தோண்டினார்கள். 1955-இல் பொது மன்னிப்பில் அவர்கள் விடுதலையாயினர். கெட்டுப்போன உடல்நலம் மீளாமலே மோட்ரி 1963-இல் தமது 46-ஆம் வயதில் இறந்தார். 1968-இல்தான் அரசு அவர்கள்மீது சுமத்திய களங்கத்தை நீக்கியது. அதைக் கேட்க மோட்ரி உயிரோடு இல்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

இக்கதையை நான் சொன்னபோது என் தோழி ஒருத்தி, “குடித்துவிட்டுக் கூச்சல் போட்டால் போலீசார் பிடிக்கத்தானே செய்வார்கள்?” என்றாள். நியாயமான கேள்வி. மதுக்கடைக்குச் சென்றதை நானும் போற்றவில்லை. எங்கள் வீட்டிலும் போற்ற மாட்டார்கள், கன்னியர் மடத்திலும் போற்ற மாட்டார்கள். ஆனால் குடித்துக் கூச்சலிட்ட குற்றத்துக்கு ஓர் இரவு காவல், ஓர் அபராதம், மறுநாள் காலை ஒரு கண்டிப்பு போதாதா? பதினைந்து ஆண்டுகளா? அந்த மதுக்கடைக்கே போகாதவருக்கு எதற்காகத் தண்டனை? கூச்சல் ஒரு சாக்கு. உண்மையான குற்றச்சாட்டு, ‘நீங்கள் எங்களை விட்டுப் போக நினைத்தீர்கள்’ என்பதே.

“அப்படி நினைத்திருந்தால் அது துரோகம்தானே? நாடு அவர்களுக்குப் பயிற்சி தந்தது, பெயர் தந்தது. அந்தக் கடனைத் தீர்க்க வேண்டாமா?” என்பது அடுத்த கேள்வி. இதுவும் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. அரசின் அச்சத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1947 சாம்பியன் அணியில் ஆடிய யாரோஸ்லாவ் த்ரோப்னி டென்னிசிலும் வல்லவர். அவர் 1949-இல் சுவிட்சர்லாந்துக்கு ஆடச் சென்றவர் திரும்பவில்லை. பின்னர் எகிப்து நாட்டின் சார்பில் ஆடி 1954-இல் விம்பிள்டன் பட்டம் வென்றார். 1950 மார்ச்சில், அதே லண்டனில், பனிச்சறுக்கு நடனத்தில் உலகப் பட்டம் வென்ற செக்கோஸ்லோவாக்கியப் பெண் அலேனா விர்ஸானோவாவும் நாடு திரும்ப மறுத்துவிட்டாள். அவளுக்கு வயது 18. நம்மைவிட மூன்றே வயது மூத்தவள், வீடு வாசலை விட்டு அந்நிய நாட்டில் நிற்கத் துணிந்தாள் என்றால் உள்ளே எத்தகைய மூச்சுமுட்டல் இருந்திருக்க வேண்டும்!

நன்றிக்கடன் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நன்றி என்பது பெறுபவன் மனமுவந்து செலுத்துவது. சங்கிலி போட்டு வசூலிப்பது நன்றியாகாது. வட்டிக்கடைக்காரன்கூட அவ்வாறு வசூலிக்க வெட்கப்படுவான். மேலும் அந்த வீரர்கள் கடனைத் தீர்க்காமலா இருந்தார்கள்? ஆறு தோழர்களைக் கடலுக்குக் கொடுத்த மூன்றாம் மாதத்தில் தங்கம் கொண்டுவந்தார்களே, அதற்குமேல் எதைக் கேட்பது? டாவோஸில் திறந்த கதவைக் கண்டும் திரும்பி வந்தார்களே, அதற்குமேல் எந்த உறுதிமொழியைக் கேட்பது?

விளையாட்டு வீரன் நாட்டின் பிள்ளை. நாட்டின் உடைமை அல்லன். நாட்டின் கொடியை அவன் சுமக்கிறான் என்பதால் அவனே கொடிக்கம்பம் ஆகிவிட மாட்டான். அவனுக்கும் கால்கள் உண்டு. அவன் எங்கே நடப்பான் என்று அஞ்சி அந்தக் கால்களில் விலங்கு பூட்டினால், பிறகு அவன் ஆடுவது எப்படி? அந்த நாட்டுக்கு நேர்ந்ததும் இதுவே. 1951 உலகப் போட்டிக்கு அவர்கள் அணி செல்லவில்லை. 1952 ஒலிம்பிக்கில் நான்காமிடம். உலகச் சாம்பியன் பட்டம் மீண்டும் அவர்களுக்குக் கிடைத்தது 1972-இல், 23 ஆண்டுகளுக்குப் பிறகு. பூ உதிர்ந்துவிடும் என்று பயந்து செடியையே வேரோடு பிடுங்கி, பெட்டியில் வைத்துப் பூட்டியது போலாயிற்று.

இங்கே எனக்கு நம் ஆண்டவர் சொன்ன ஊதாரி மைந்தன் உவமை நினைவுக்கு வருகிறது. இளைய மகன் தன் பங்கைக் கேட்டபோது தகப்பன் அவனை அறையில் வைத்துப் பூட்டவில்லை. போவான் என்று அறிந்தே பங்கைப் பிரித்துக் கொடுத்தான். அந்தத் தகப்பனுக்கு அன்பு குறைவு என்று சொல்வோமா? வழியைப் பார்த்துக்கொண்டே இருந்த கண்கள் அல்லவா அவனுடையவை! கதவைத் திறந்துவைத்த வீட்டுக்குத்தான் மகன் திரும்பி வந்தான். பூட்டிய வீட்டில் இருந்திருந்தால் உடல் மட்டும் உள்ளே இருந்திருக்கும். மனம் என்றைக்கோ வெளியேறியிருக்கும்.

இது வெறும் வேதப்பாடப் பேச்சு என்று எண்ணுவோருக்கு புப்னிக்கின் வாழ்க்கையே சாட்சி. சிறையிலிருந்து வெளிவந்த அவர், 1966-இல் ஃபின்லாந்து தேசிய அணிக்குப் பயிற்சியாளராகச் செல்ல அனுமதி பெற்றார். அவர் பயிற்சியில் ஃபின்லாந்து 1967 உலகப் போட்டியில் செக்கோஸ்லோவாக்கியாவை முதன்முறையாக வென்றது. ‘ஓடிவிடுவான்’ என்று 14 ஆண்டு தண்டனை பெற்ற மனிதர் மூன்று ஆண்டுகள் வெளிநாட்டில் மதிப்புடன் வாழ்ந்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்குத் திரும்பி வந்தார். 1989-இல் கம்யூனிஸ்டு ஆட்சி முடிவுற்றது. 1993-இல் நாடே செக் குடியரசு, ஸ்லோவாக்கியா என இரண்டாயிற்று. 1998 முதல் 2002 வரை புப்னிக் செக் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார், 2017-இல் மறைந்தார். அவரைச் சிறையிலிட்டவர்களின் அச்சம் எவ்வளவு வீண் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது முழுதும் சரியாகப் படவில்லை. நாட்டின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு ஆடும்போது நாடு களத்துக்குள் வந்தே தீரும். வரட்டும், தவறில்லை. பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கைதட்டட்டும். தோற்றால் தட்டிக்கொடுக்கட்டும். வீரனின் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பதுதான் தவறு.

இதை நாட்டை ஆள்பவர்களுக்கு மட்டும் சொல்வதாக எண்ணாதீர்கள். பிறருடைய வெற்றியில் பெருமை கொள்ளும் எல்லாருக்கும் இது பொருந்தும். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும், ஏன், காலையில் ‘எங்கள் அணி’ என்று கத்திவிட்டு மாலையில் தோற்றதும் ‘உங்கள் அணி’ என்று நழுவிவிடும் மாணவியராகிய நமக்கும் பொருந்தும். உன் வெற்றி எனக்கு வேண்டும், ஆனால் உன் விருப்பம் எனக்கு வேண்டாம் என்று சொல்வது அன்பாகாது. அன்பு என்றால் நம்பிக்கையும் உடன் வர வேண்டும். நம்பியவர்கள் சில வேளை ஏமாறலாம். நம்பாதவர்களோ எப்போதும் ஏமாறுகிறார்கள், ஏனெனில் திரும்பி வரும் மகிழ்ச்சியை அவர்கள் காண்பதே இல்லை.

பொது அறிவுப் போட்டிக்குச் செல்லும் தோழியருக்கு ஒரு விண்ணப்பம். 1950-ஆம் ஆண்டின் ஐஸ் ஹாக்கி உலகச் சாம்பியன் யார் என்று கேட்டால் ‘கனடா’ என்று சொல்லுங்கள், மதிப்பெண் கிடைக்கும். நான் என் குறிப்பேட்டில் அதன் கீழே இன்னும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் எழுதிக்கொண்டால் மகிழ்வேன்: ‘செக்கோஸ்லோவாக்கியா ஆடவில்லை, அதன் வீரர்கள் சிறையில் இருந்தார்கள்.’

– பத்தாம் வகுப்பு மாணவி